அம்மாவுக்கு மூன்று மாதமாக எதுவும் ருசிக்கவில்லை. கிளினிக்கா, கோயிலா?

சிப்புட் மகள் | ஞாயிறு, இரவு 10.40

வணக்கம். இங்கே பேராக் (மலேசியா) சுங்கை சிப்புட்காரர்கள் நிறையப் பேர் இருப்பதால் இங்கேயே கேட்கிறேன்.

அம்மாவுக்கு 57 வயது. இருபது வருடம் எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டினார். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு மருந்து அடிக்கும் வேலை. லயத்தை (எஸ்டேட் வரிசை வீட்டை) காலி செய்து தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டுக்கு வந்த பிறகு அப்பா தவறிவிட்டார். 14 மாதம் ஆகிறது. முதல் ஆறேழு மாதம் அழுதார். ஆனால் சமைத்தார், கோயிலுக்குப் போனார், பேரப்பிள்ளைகளைத் திட்டினார். இப்போது அழுகைகூட இல்லை. விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து வாசல்படியில் உட்கார்ந்துவிடுகிறார். பால் வெட்டுக்குப் போன காலத்தில் நாலரைக்கு எழுந்தவர்தான், ஆனால் இது அந்த மாதிரி எழுவது இல்லை. "வாயில ஒண்ணும் ருசிக்கல, உடம்பு விட்டுப் போச்சு" என்பதுதான் நாள் முழுக்கப் பேச்சு. ரவிக்கையெல்லாம் தொங்குகிறது. டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் இரண்டு தடவை காட்டினோம். வைட்டமினும் கேஸ்டிரிக் மருந்தும் கொடுத்தார்கள்.

லயத்தை விட்டு வரும்போது எதையோ மிதித்துவிட்டோம், சாமி பார்க்க வேண்டும் என்கிறார் அண்ணன். சித்தியோ, யாரிடமும் வாயைத் திறக்காதே, தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரிக்கு எழுதிவிடுவார்கள், அப்புறம் உன் தங்கச்சிக்கு மாப்பிள்ளை வராது என்கிறார். நான் ஈப்போவில் ஷிப்ட் வேலை. வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருக்கிறேன். என்ன செய்யட்டும்?

மூணாம் நம்பர் | ஞாயிறு, இரவு 11.15

தங்கச்சி, தப்பாக நினைக்காதே. டாக்டருக்கு ரத்தம் தெரியும், சர்க்கரை தெரியும். இது தெரியாது. எங்கள் பெரியம்மாவுக்கு இப்படித்தான் இருந்தது. முனியாண்டி கோயிலில் மூன்று வெள்ளிக்கிழமை கயிறு கட்டினோம், நாலாவது வாரம் எழுந்து தோசை சுட்டார். மன மாத்திரை மட்டும் ஆரம்பித்துவிடாதே. ஆயுசுக்கும் விடாது.

பழைய டிரெஸ்ஸர் | திங்கள், காலை 6.50

மகளே, நான் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளனாக இருந்தவன். இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். ஒரு பழைய கணக்கைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை காலையில் எங்கள் வாசலில் வரிசை நிற்கும். தலை பாரம், நெஞ்சுப் படபடப்பு, முதுகுக் குத்தல், வயிற்றெரிச்சல். அதில் பாதிப்பேர் பெண்கள். பனடோல் கொடுப்பேன், மிக்ஸ்சர் கொடுப்பேன், அடுத்த திங்கள் அதே முகங்கள் வரும். 'வேலைக்குக் கள்ளம்' என்று பெரிய கிராணி (எஸ்டேட் தலைமைக் குமாஸ்தா) சொல்லுவார், நானும் தலையாட்டுவேன். அவர்களில் எத்தனை பேருக்கு உன் அம்மாவுக்கு இருப்பது இருந்ததோ!

நம் ஜனங்களிடம் இதற்கு இரண்டே சொல்தான் உண்டு. ஒரு பக்கம் 'மனசு சரியில்லை', மறு பக்கம் 'பைத்தியம்'. நடுவில் இருப்பதற்கு வார்த்தையே இல்லை. அதனால் அதை உடம்பு பேசும். 'ருசிக்கல' என்பதும் 'உடம்பு விட்டுப் போச்சு' என்பதும் பொய் இல்லை, கள்ளமும் இல்லை.

நீ எழுதியதை வைத்துப் பார்த்தால் மனச்சோர்வு மாதிரி இருக்கிறது. மாதிரி என்றுதான் சொல்கிறேன். துக்கம் அலை போல வரும், போகும். நடுவில் பழைய பேச்சு, ஒரு சிரிப்பு, ஒரு சண்டை எல்லாம் இருக்கும். அம்மாவின் முதல் ஆறேழு மாதம் அதுதான். இரண்டு வாரத்துக்கு மேல், ஏறக்குறைய தினமும், எதிலும் நாட்டமில்லை, பசியில்லை, எடை குறைகிறது, விடிவதற்குள் விழிப்பு வந்துவிடுகிறது என்றால் அது வேறு. அப்போது காத்திருக்கக் கூடாது.

அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானுக்கு அழைத்துப் போ. 1 வெள்ளிதான் (ரிங்கிட்), மருந்தும் அதற்குள்ளேயே. முதலில் ரத்தம் எடுக்கச் சொல்லிக் கேள். ரத்தசோகையும் தைராய்டு குறைவும் இதே வேஷம் போடும். அப்புறம் ஒன்பது கேள்வி உள்ள ஒரு தாள் கொடுப்பார்கள், பிஹெச்கியூ-9 என்று பெயர். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. அது தீர்ப்பு இல்லை. டாக்டர் பேச்சை எங்கே தொடங்குவது என்பதற்கு ஒரு கைப்பிடி.

மூணாம் நம்பர் தம்பி, கயிறு கட்டுவதை நான் தடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகட்டும், திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போகட்டும். கிழமை இடிக்கவில்லையே.

நைட் ஷிப்ட் | திங்கள், காலை 8.05

அக்கா, அம்மா கதை மாதிரி இல்லை, ஆனால் என் கதையையும் சொல்கிறேன். எனக்கு 26. போன வருடம் ஃபேக்டரியில் திடீரென்று நெஞ்சு அடைத்தது, கை மரத்தது, செத்தேன் என்றே நினைத்தேன். எமர்ஜென்சிக்குத் தூக்கிப் போனார்கள். ஈசிஜி நார்மல். இரண்டு வாரம் கழித்து மறுபடி. நார்மல். மூன்றாவது தடவை ஒரு டாக்டர் உட்கார்ந்து பேசினார். பீதித் தாக்கு என்றார். பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்ப் பிறகு தானாக இறங்கும், உயிரை எடுக்காது. ஆனால் 'அடுத்தது எப்போது' என்ற பயம் இருக்கிறதே, அதுதான் வியாதியை வளர்க்கிறது. நான் பஸ் ஏறுவதை விட்டேன், கோப்பிக் கடைக்குப் போவதை விட்டேன், கடைசியில் ரூமை விட்டே வெளியே வரவில்லை.

மாத்திரை ஒன்று, கூடவே சைக்காலஜிஸ்டிடம் பேச்சு. பேச்சு என்றால் சும்மா ஆறுதல் இல்லை. வேண்டுமென்றே மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வைத்து, 'பார், நெஞ்சு அடித்தது, நீ சாகவில்லை' என்று காட்டினார். முதலில் ஆத்திரமாக வந்தது. இப்போது பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறேன்.

மூணாம் நம்பர் | திங்கள், மதியம் 1.20

இதற்கெல்லாம் எங்கள் அப்பா காலத்தில் இரண்டு கிளாஸ் கள் போதும்.

பழைய டிரெஸ்ஸர் | திங்கள், மதியம் 2.10

அந்தக் கள்ளையும் சம்சு சாராயத்தையும் குடித்தவர்களுக்குக் கட்டுப் போட்டவன் நான். குடித்தால் தூக்கம் சீக்கிரம் வரும், ராத்திரியின் பின்பாதியில் உடைந்துவிடும். மறுநாள் படபடப்பு இன்னும் கூடும். அதை அடக்க மறுபடி குடி. மனச்சோர்வு உள்ளவருக்கு அது எரிகிற அடுப்பில் ஊதுவது.

லயத்துக்காரன் | திங்கள், இரவு 9.30

தஞ்சோங் ரம்புத்தான் என்ற பெயரைக் கேட்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருவனை ஒருவன் திட்ட அந்தப் பெயர்தான். இங்கிருந்து ஈப்போ போகிற ரயில் தண்டவாளமே அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. சின்ன வயதில் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "மாமா, உங்க வீடு வந்துருச்சு" என்று சிரிப்போம். நாற்பத்தோராவது வயதில் நானே அங்கே போய் நம்பர் எடுத்து உட்கார்ந்தேன்.

அந்த ஆஸ்பத்திரி 1911இல் கட்டியது. 1971இல் அதற்கு ஹாஸ்பிட்டல் பஹாகியா என்று பெயர் வைத்தார்கள். பஹாகியா என்றால் மகிழ்ச்சி. நம் ஊர் வாய் அந்தப் பெயரைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. எனக்கு இருமுனைக் கோளாறு. மூன்று மாதம் படுக்கையை விட்டு எழ மாட்டேன். அப்புறம் ஒரு மாதம் தூக்கமே வேண்டாம், லாரி வாங்கப் போகிறேன், கோழிப் பண்ணை வைக்கப் போகிறேன் என்று கடன் மேல் கடன். மனைவி நகை போனது அந்த மாதத்தில்தான். முதலில் பார்த்த டாக்டரிடம் நான் சோர்வை மட்டும் சொன்னேன், பறந்த கதையைச் சொல்லவில்லை. சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்ததும் மறுபடி பறக்க ஆரம்பித்தேன். ஆகவே மகளே, அம்மாவுக்கு எப்போதாவது அப்படி ஒரு காலம் இருந்ததா என்று யோசித்து டாக்டரிடம் சொல்லிவிடு. சின்ன விஷயம் இல்லை.

சித்தியின் பயத்துக்குப் பதில். ஒருவரின் விருப்பமில்லாமல் வார்டில் சேர்க்க வேண்டுமானால் பொதுவாக உறவினர் எழுதிக் கொடுக்க வேண்டும், டாக்டர் பரிசோதித்துப் பரிந்துரைக்க வேண்டும். 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சாப்பிட மாட்டேன் என்கிற அம்மாவைப் பிடித்துப் போட எந்த வேனும் வராது. நான் வார்டில் இருந்தது பதினெட்டு நாள். மற்ற வருடங்களெல்லாம் காலையில் போய் மருந்து வாங்கி மதியம் வீட்டில் மீன் பொரிக்கிற கணக்குதான். தலையில் கரண்ட் வைப்பார்களா என்று எல்லோரும் கேட்பார்கள். எனக்கு வைக்கவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர் கடும் சோர்வில் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தார், அவருக்கு வைத்தார்கள். மயக்க ஊசி போட்டுத்தான் செய்கிறார்கள். சில தடவைக்குப் பிறகு என்னிடம் சிகரெட் கேட்டார்.

கருவேப்பிலை | செவ்வாய், காலை 10.00

லயத்துக்காரர் அண்ணன் எழுதியதைப் படித்துத் தைரியம் வந்தது. என் தம்பிக்கு மனச்சிதைவு. 19 வயதில் ஆரம்பம். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பான், சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்பான். இரண்டு வருடம் சாமியார்களிடம் அலைந்தோம். வேப்பிலையால் அடித்தார்கள். அது நாங்கள் செய்த பாவம். உலகத்தில் 300 பேரில் ஒருவருக்கு இந்த வியாதி என்று பின்னால்தான் தெரிந்தது. எங்கள் தெருவில் அவன் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது மாதம் ஒரு ஊசி. மாத்திரையை மறப்பதும் துப்புவதும் அதோடு போயிற்று. ஓகேயூ கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை) எடுத்திருக்கிறோம், மனநலத்துக்கும் அதில் தனிப் பிரிவு உண்டு. கார் கழுவும் கடையில் வேலை செய்கிறான். குரல் முழுக்கப் போகவில்லை. "அது பேசட்டும்க்கா, நான் வேலையைப் பார்க்கிறேன்" என்கிறான்.

தங்கையின் கல்யாணம் பற்றி ஒரு வார்த்தை. மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டு மாமியார் வீட்டில் மருந்தை ஒளித்து வைத்துச் சாப்பிடுகிற பெண்களை எனக்குத் தெரியும். அதைவிடத் தாமதமான கல்யாணம் நல்லது.

சிப்புட் மகள் | வியாழன், இரவு 11.50

எல்லோருக்கும் நன்றி. இன்று லீவு போட்டுக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். ஒரு விஷயத்தை எங்கேயும் சொல்ல முடியவில்லை, இங்கே சொல்கிறேன்.

டாக்டர் மலாய்க்காரப் பெண், நல்லவர், அவசரப்படவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது பாசார் மலாய். காய்கறி வாங்கப் போதும், மனசைச் சொல்லப் போதாது. அதனால் நான்தான் மொழிபெயர்த்தேன். அந்த ஒன்பது கேள்வி. "சோகமா இருக்காம்மா?" என்றேன். "இல்லையே" என்றார். தூக்கம்? தினமும் இல்லை. அசதி? தினமும். பசி? தினமும் இல்லை. "உன்மேலயே உனக்கு வெறுப்பா இருக்கா?" என்று கேட்டபோது என் முகத்தைப் பார்த்தார், பதிலே சொல்லவில்லை. நான் 'சில நாள்' என்று போட்டேன்.

ஒன்பதாவது கேள்வி, செத்துப் போனால் தேவலை என்று தோன்றுகிறதா என்பது. என்னால் அம்மாவிடம் அதைக் கேட்க முடியவில்லை. "வேற ஏதாச்சும் சொல்லணுமாம்மா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றார். டாக்டரிடம் திரும்பி, "இல்லை என்கிறார்" என்று சொல்லிவிட்டேன். ரத்தம் எடுத்தார்கள், அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததிலிருந்து நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கிறது.

பழைய டிரெஸ்ஸர் | வெள்ளி, அதிகாலை 5.30

தூங்கினாயா மகளே? உன் இடத்தில் யாராக இருந்தாலும் நாக்கு எழும்பியிருக்காது. பெற்ற தாயிடம் பிள்ளை கேட்கிற கேள்வி இல்லை அது, பிள்ளையை வைத்துக்கொண்டு தாய் பதில் சொல்கிற கேள்வியும் இல்லை. அதனால்தான் வீட்டு ஆளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்பது. கிளினிக்கில் தமிழ் மிசி (நர்ஸ்) யாராவது இருப்பார். கேட்டு வாங்கு. நீ வெளியே உட்கார்.

ஆனால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே நீயாகவே கேட்டுவிடு. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்படுவார்கள். அப்படி நடப்பதில்லை. கேட்டதும் பெரும்பாலும் மூச்சு விடுகிறார்கள். 'சோகமா' என்று கேட்காதே, அது அவருடைய வார்த்தை இல்லை. சமையல்கட்டில், முகத்தைப் பார்க்காமல் வெங்காயம் உரித்துக்கொண்டே, "அம்மா, போய்ச் சேர்ந்துட்டா போதும்னு தோணுதா?" என்று கேள். ஆம் என்றால் திட்டாதே, சத்தியம் வாங்காதே. அடுத்த கேள்வி, எப்படி என்று யோசித்தாரா என்பது. அதற்கும் ஆம் என்றால் தனியாக விடாதே, நேராக ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போ. எப்படியானாலும் மருந்து அடித்த காலத்தில் மிஞ்சிய போத்தல் ஏதாவது வீட்டில் கிடந்தால் இன்றைக்கே வெளியேற்று. மாத்திரைகளை உன் கைவசம் வை.

போலீஸ் வரும் என்று யாராவது பயமுறுத்தினால், தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவை 2023இல் நீக்கிவிட்டார்கள் என்று சொல். பேச ஆள் வேண்டுமென்றால் 15555, சுகாதார அமைச்சின் ஹீல் லைன். பிஃப்ரண்டர்ஸ் 03-7627 2929, 24 மணி நேரமும். இது உனக்கும்தான்.

சிப்புட் மகள் | வெள்ளி, இரவு 8.15

கேட்டுவிட்டேன் ஐயா. வெங்காயம் இல்லை, முருங்கைக்கீரை. ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்பாகிட்ட போயிட்டாத் தேவலன்னு தோணும். ஆனா நானா ஒண்ணும் பண்ணிக்க மாட்டேன், தங்கச்சி இருக்கால்ல" என்றார். எப்படி என்றெல்லாம் யோசிக்கவில்லையாம். பின்கட்டில் இரண்டு போத்தல் இருந்தன. அண்ணன் எடுத்துப் போய்விட்டார். சாமி பார்க்கலாம் என்று சொன்ன அதே அண்ணன்தான், கை நடுங்க எடுத்துப் போனார்.

சிப்புட் மகள் | அடுத்த வியாழன், மாலை 5.00

தமிழ் மிசி கிடைத்தார். நான் வெளியே. நாற்பது நிமிடம். இந்தத் தடவை 17. என் மொழிபெயர்ப்பில் வந்தது 10! தைராய்டு, சர்க்கரை சரி. ரத்தம் கொஞ்சம் குறைவு, இரும்புச் சத்து மாத்திரை. கூடவே மனச்சோர்வுக்குச் செர்ட்ராலின் மாத்திரை, முதல் வாரம் பாதி. மனநல ஸ்பெஷலிஸ்டுக்குக் கடிதமும் கொடுத்தார்கள். இரும்பு மாத்திரையில் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பக்கத்து வீட்டில் "ரத்தம் பத்தலையாம்" என்று சொல்லிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

மூணாம் நம்பர் | வியாழன், மாலை 6.40

அடிமையாகிவிடுவார் தங்கச்சி. சொன்னேன்.

பழைய டிரெஸ்ஸர் | வியாழன், இரவு 7.30

இரண்டு ஜாதி மாத்திரையை ஒன்றாகக் குழப்புகிறாய் தம்பி. அல்பிரஸோலாம் மாதிரி தூக்கத்துக்கும் படபடப்புக்கும் கொடுக்கிற மாத்திரைகள் உண்டு, அவை பழகிவிடும், அதனால்தான் கொஞ்ச நாளைக்கு மட்டும். செர்ட்ராலின் அந்த ஜாதி இல்லை, இன்னும் இன்னும் வேண்டும் என்று கேட்க வைக்காது. ஆனால் சட்டென்று நிறுத்தினால் தலை சுற்றும், எரிச்சல் வரும். நிறுத்தும்போது டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

மகளே, முதல் வாரம் குமட்டலும் வயிற்றுப் போக்கும் வரலாம், சாப்பிட்ட பிறகு கொடு. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், முழுசாகத் தெரிய இன்னும் மேலே. முதல் சில நாள் படபடப்போ அந்த எண்ணமோ கூடினால் உடனே கிளினிக்குக்குப் போ. சரியானதும் நிறுத்திவிடத் தோன்றும். குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும். நம் ஆட்கள் கவிழ்வது அந்த இடத்தில்தான்.

இன்னொன்று. நம் நாட்டின் தேசிய சுகாதார ஆய்வில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் மனச்சோர்வு உள்ளவர்கள் 2019இல் 2.3 விழுக்காடு, 2023இல் 4.6. கிட்டத்தட்ட 10 லட்சம் பேர். சித்தியிடம் சொல், வரிசை நீளம் என்று.

மன்ற நடத்துனர் | வியாழன், இரவு 9.00

அம்மாவின் மருந்துப் பெயரைப் பார்த்து யாரும் தாங்களாகவே ஃபார்மசியில் கேட்க வேண்டாம். அளவு பற்றிய கேள்விகளை நீக்கியிருக்கிறேன்.

சிப்புட் மகள் | ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4.20

இழையை மேலே தள்ளுவதற்கு மன்னிக்கவும். முதல் பத்து நாள் ரொம்பக் கஷ்டம். குமட்டல், "எனக்கு இது வேணாம்" என்று தினமும் சண்டை. மூன்றாம் வாரம் ஐந்து மணி வரை தூங்கினார். அவர் கவனிக்கவில்லை, நான்தான் கவனித்தேன். போன வாரம் தங்கச்சி வைத்த ரசத்தை வாயில் வைத்து, "இதுல புளி எங்கடி?" என்றார். தங்கச்சி அழுதுவிட்டாள், அம்மாவுக்கு ஏன் என்று புரியவில்லை. இன்னும் சில நாள் வாசல்படியில்தான். முழுக்கச் சரியாகவில்லை. ஸ்பெஷலிஸ்டிடம் போனோம், கடிதம் இருந்ததால் முதல் தடவை காசு இல்லை, இனி 5 வெள்ளி. அளவைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறார்.

மூணாம் நம்பர் | ஞாயிறு, மாலை 5.00

நல்ல சேதி தங்கச்சி. உங்களிடம் சொல்லவில்லை, அம்மா பெயரில் முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டிருந்தேன். அதுவும் கணக்கில் இருக்கட்டும்.

சிப்புட் மகள் | ஞாயிறு, மாலை 5.10

இருக்கட்டும் அண்ணே. அம்மாவிடம் சொல்கிறேன், சந்தோஷப்படுவார்.

நைட் ஷிப்ட் | ஞாயிறு, இரவு 10.30

அக்கா, கூட வேலை செய்கிற ஒரு அண்ணனை அழைத்து வர வேண்டும். குழந்தை பிறந்ததிலிருந்து அவர் மனைவி தூங்குவதே இல்லையாம், பிள்ளையைத் தூக்கவும் பயப்படுகிறாராம். அந்தத் தமிழ் மிசி எந்தக் கிழமை இருப்பார்?

சிப்புட் மகள் | ஞாயிறு, இரவு 10.45

செவ்வாயும் வியாழனும். ஏழரைக்கு முன்னால் போய் நம்பர் எடுக்கச் சொல் தம்பி. குழந்தையின் புத்தகத்தையும், இதுவரை சாப்பிட்ட மாத்திரைப் பாக்கெட்டுகளையும் கையோடு கொண்டுபோகச் சொல். பதிவு கவுண்டரில் எல்லார் காதிலும் விழும்படி காரணத்தைச் சொல்ல வேண்டாம், 'பிள்ளை பெற்றவருக்குத் தூக்கமில்லை' என்றால் போதும். அந்த அண்ணன் வெளியே உட்காரட்டும்.

ஆனால் பிள்ளையைப் பற்றி அவர் விபரீதமாக ஏதாவது பேசினாலோ, யாரோ பேசுவது காதில் கேட்கிறது என்று சொன்னாலோ செவ்வாய் வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே எமர்ஜென்சி. டிரெஸ்ஸர் ஐயா, சரிதானே?

பழைய டிரெஸ்ஸர் | ஞாயிறு, இரவு 10.52

சரி மகளே.